ஒரு டஜன் வாசகர்கள்

மாடி அறையின் ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே அவள் டேப்லெட்டுகளைத் திறந்துவிடுவாள்.

நீள மேஜையின் சுவரோரமாக ஒரு டஜன் டேப்லெட்டுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பி, பத்திரிகையின் செயலியைத் திறந்து, அட்டை, தலையங்கம், சமையலறை, திரைச்சீலை, பழுது பார்த்தல் எல்லாவற்றையும் விறுவிறுவென்று தள்ளி, கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம். எல்லாவற்றிலும் மேலே பத்திரிகை ஆசிரியரான அவள் கணவரின் சின்னப் படம், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ எடுத்துவிட்ட படம்.

அப்புறம் பகல் முழுக்க, பிழை திருத்திக்கொண்டிருக்கும்போதே இடையிடையே எழுந்து போய் ஒவ்வொன்றையும் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு வருவாள். தொடாமல் விட்டால் வாசகர் தூங்கிவிட்டார் என்று செயலி நேரத்தைக் கணக்கெடுப்பதை நிறுத்திவிடும். பார்ப்பதற்கு, ஒருத்தி தனியாளாக ஒரு டஜன் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தாள். "சும்மா கிடந்தா பேட்டரி கெட்டுப்போயிடுமாம்." இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் சந்தித்து வருகிறவர்களுக்கு இது எப்படி ஆரம்பித்தது என்று தெரியும். இன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

வீட்டைப் பற்றிய பத்திரிகை அது. கீழே குடித்தனம், மேலே அலுவலகம். அச்சிடுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது செயலியில் மட்டும் வருகிறது. செயலியைப் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். நாற்பதை நெருங்குகிறாள், தலையில் நரை வந்துவிட்டது, ஆனாலும் இந்த வீட்டில் அவள் குட்டிதான். கடைசிப் பக்கம் ஆசிரியருடையது. பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து அதை வேறு யாரும் எழுதியதில்லை. மூடிய கதவு, காலியான நாற்காலி, மழை நின்ற பிறகு கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் என்று எதையாவது பற்றி ஒரு பக்கம்.

செயலி வந்த முதல் வாரமே குட்டி ஒரு அறிக்கையோடு சமையலறைக்கு வந்தாள். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று வரி வரியாக இருந்தது. கடைசி வரியில் விரலை வைத்தாள். கடைசிப் பக்கம், சராசரி நாலு நொடி.

"அண்ணாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணி. நான் சொன்னா பாதியில அழுதுடுவேன்."

"சொல்றேன்."

சொல்லத்தான் போனாள். அச்சு நின்றதிலிருந்து ஆசிரியர் பேச்சை நிறுத்தியிருந்தார். முன்பும் அவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை, ஆனால் அவருடைய மௌனத்தில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். இப்போது அதுவும் இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், எழுந்து போனார். அன்றைக்கும் அப்படித்தான் எழுந்தார். அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"உங்க பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் படிக்கறாங்களாம்."

அவர் ஈரக் கையோடு திரும்பி நின்றார். "யாரு சொன்னா?"

"செயலியே சொல்லுதாம்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளால் தூங்க முடியவில்லை. மறுநாள் காலை, கடைகளில் வைப்பதற்கென்று வாங்கி, எந்தக் கடையும் கேட்காததால் பெட்டிக்குள்ளேயே கிடந்த டேப்லெட்டுகளை எடுத்து வெளியே வைத்தாள்.

அடுத்த அறிக்கையில் கடைசிப் பக்கத்தின் சராசரி ஆறு நிமிடம்.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. ஆசிரியர் பேச ஆரம்பித்தார். எதிர் வீட்டுக்காரர் கதவுக்கு இரண்டாம் முறை வர்ணம் அடிப்பதைப் பற்றிச் சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்டார், கேட்டதோடு நிற்காமல் போட்டும் கொடுத்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். புதிதாக ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்து, கலர் கொஞ்சம் அதிகமோ என்று கண்ணாடி முன்னால் நின்றார். எழுதியதை அவளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். அவள் கேட்டாள். கேட்கும்போதே பக்கத்து அறையில் எந்த டேப்லெட் அணைந்துபோயிருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

இன்றைக்கு விளக்குக் கடைக்காரர் வருகிறார். அவராகவே போன் செய்து, அவராகவே நாள் குறித்து.

"அண்ணி!" குட்டி படியேறும்போதே கத்தினாள். "பல்லைக்கூடத் தேய்க்காம ஓடி வந்திருக்கேன்!"

"தெரியுது. கொஞ்சம் தள்ளி நின்னே பேசு."

"கிண்டல் பண்ணுங்க, பண்ணுங்க. இன்னிக்கு அவரு கையெழுத்துப் போட்டுட்டா உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்." குட்டி மடிக்கணினியை மேஜைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "அவருக்கு நாலு கடை அண்ணி. நாம எத்தனை கடை வாசல்ல போய் நின்னோம்? ஒருத்தன் உக்காரச் சொன்னானா? இவரு தேடி வர்றாரு."

"எந்தப் பக்கத்துக்கு வர்றாரு?"

"அதான் ஆச்சரியம். உங்க திரைச்சீலைப் பக்கத்தைக் காட்டினேன், பழுது பார்க்கிற பக்கத்தைக் காட்டினேன். எதுவும் வேணாமாம். கடைசிப் பக்கம் ஒண்ணுதான் வேணுமாம்."

அவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். "ரிப்போர்ட்டை அவருக்கு அனுப்பினியா?"

"பின்னே? ஆறு நிமிஷத்தை வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பேனா?"

அவள் எழுந்து போய், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், டேப்லெட்டுகளை ஒரு சுற்றுத் தடவிவிட்டு வந்தாள்.

விளக்குக் கடைக்காரர் கனத்த உடம்பைப் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஆட்களைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார்.

"இந்த டியூப் லைட்டுக்குக் கீழ உக்காந்தா சார் எழுதறீங்க? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"இல்ல, நான் உள் அறையில எழுதறேன்," என்றார் ஆசிரியர்.

"அங்க எப்படி லைட்டு?"

"ஜன்னல் இருக்கு."

"ஜன்னல்!" கடைக்காரர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. "அதுக்கு நான் போட்டி போட முடியாது."

ஆசிரியர் புதுச் சட்டை போட்டிருந்தார். தோள் அருகே மடிப்பு இன்னும் போகவில்லை. அவள் டீயை வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன் சார்," என்றார் கடைக்காரர். "நோட்டீஸ் அடிச்சேன். பேப்பர்ல போட்டேன். போனுக்குப் போனு மெசேஜ் அனுப்பினேன். ஜனங்க பார்க்கறாங்க, தள்ளிட்டுப் போயிடறாங்க. யாரும் நிக்க மாட்டேங்கறாங்க. உங்க பக்கத்துல ஆறு நிமிஷம் நிக்கறாங்களாமே! என் கடைக்குள்ள நேர்ல வந்தவங்களே ஆறு நிமிஷம் நிக்கறதில்ல."

"உள்ள அவ்வளவு வெளிச்சமா இருந்தா எப்படி நிப்பாங்க," என்றார் ஆசிரியர்.

கடைக்காரர் ஒரு கணம் விழித்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். குட்டி அண்ணனை வியப்போடு பார்த்தாள். அண்ணன் ஜோக் அடித்து அவள் பார்த்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

குட்டி விளக்கினாள். கட்டுரை முடிந்த பிறகு கீழே ஒரு விளக்கின் படம் வரும். படத்தைத் தொட்டால் கடையின் பக்கம் திறக்கும், அங்கேயே வாங்கலாம். எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் எல்லாம் தெரியும்.

"நான் எழுதறதுக்கு நடுவுல வரக்கூடாது," என்றார் ஆசிரியர்.

"வராது சார். கடைசி வரிக்குக் கீழதான்."

"விளக்கைப் பத்தி எழுதச் சொல்லவும் கூடாது."

"அதெல்லாம் வேணாம். நீங்க இருட்டைப் பத்தி எழுதுங்க. நான் கீழ விளக்கு வச்சுக்கறேன்."

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். கதவருகே நின்றவளுக்கு அந்தச் சத்தம் யாரோ வெளியாள் வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. வெட்கமில்லாமல் அது அவளுக்குப் பிடித்திருந்தது. இது இப்படியே இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் முழு மனதோடு நினைத்தாள்.

அப்போதுதான் கடைக்காரரின் பார்வை சுவரோரம் போனது.

"அது என்ன, கடை போட்டு வச்சிருக்கீங்க?" எழுந்து போய்க் குனிந்தார். "அட, எல்லாத்துலயும் சார் பக்கமே!"

"பேட்டரி," என்றாள் அவள். குரல் எங்கிருந்தோ வந்தது. "சும்மா கிடந்தா கெட்டுப்போயிடுமாம்."

"கடைகள்ல வைக்கறதுக்கு வாங்கினது சார்," என்றாள் குட்டி. "கடைக்கு வர்றவங்க கொஞ்ச நேரம் புரட்டிப் பார்க்கலாம், பிடிச்சா அவங்க போன்லயே இறக்கிக்கலாம்னு. யாரும் இடம் குடுக்கலை."

"நான் குடுக்கறேன். கடைக்கு மூணு. இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்." கடைக்காரர் ஆசிரியரைப் பார்த்தார். "என்ன சார்?"

"தாராளமா! குட்டி, எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் குடு."

"ஒப்பந்தப் பேப்பர் வண்டியில இருக்கு. போய் எடுத்துட்டு, ஒரு போனும் பேசிட்டு வந்துடறேன்." கடைக்காரர் படியிறங்கினார். ஆசிரியர் கையைத் தேய்த்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. எழுத உட்கார்ந்துவிட்டார்.

குட்டி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொரு டேப்லெட்டாக அணைத்து அடுக்கத் தொடங்கினாள். முதல் திரை கறுத்தது. இரண்டாவது கறுத்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆசிரியரின் வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"குட்டி, நிறுத்து."

"என்ன அண்ணி?"

"இது போயிட்டா ஆறு நிமிஷமும் போயிடும்."

குட்டிக்குப் புரியவில்லை. டேப்லெட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தபோது அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"பேட்டரிக்காக இல்லையா?"

"இல்ல."

"தினமுமா?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

குட்டி அப்படியே மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே அண்ணி," என்றாள் மிகவும் மெதுவாக. "நாலு நாள் தூங்காம அந்த ரிப்போர்ட்டைச் சோடிச்சு அனுப்பியிருக்கேன். ஆயிரம் பேரோட சராசரியை ஒரு டஜன் மெஷின் தூக்கி நிறுத்தியிருக்கு. நான் அதை ஆள் ஆளா உடைச்சே பார்க்கலை. கெட்ட செய்தின்னா உடைச்சு உடைச்சுப் பார்த்திருப்பேன். நல்ல செய்தியை யாரு உடைச்சுப் பார்ப்பா?"

"நீதான் சொன்னே, தொடலைன்னா தூங்கிட்டாங்கன்னு நினைச்சுக்கும்னு."

"ஆமா, எல்லா வழியையும் நானே சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்கு நல்லா வேணும்." குட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள் அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள். "சரி, கேளுங்க. ஒண்ணும் ஆகாது. இதெல்லாம் அவரு கடைக்குத்தானே போகுது? அங்கயும் கடைசிப் பக்கத்தையே திறந்து வைக்கச் சொல்றேன். கடையில நாலு பேரு போக வர கை பட்டுக்கிட்டே இருக்கும். நம்பர் விழாது. யாருக்கும் தெரியாது. அண்ணாவுக்கும் தெரியாது."

அது நடக்கக்கூடியதுதான். மிகவும் சுலபமாக நடக்கக்கூடியது. இனி காலையில் அவள் மாடி ஏறக்கூட வேண்டாம், வேறு விரல்கள் அந்த வேலையைச் செய்யும். ஆசிரியர் டீ போடுவார், புதுச் சட்டை வாங்குவார், எழுதியதைப் படித்துக் காட்டுவார். ஒரு மனிதர் விளக்கு விற்குமென்று நம்பிக் காத்துக்கொண்டிருப்பார், விற்காது. ஏன் விற்கவில்லை என்று அவர் தன் விளக்குகளைத்தான் சந்தேகப்படுவார்.

"வேணாம் குட்டி."

"அண்ணா தாங்க மாட்டாரு."

"தெரியும்."

"இந்த ஒப்பந்தம் போனா பத்திரிகையும்..."

"அதுவும் தெரியும். மிச்சத்தையும் போட்டுப் பெட்டியைக் குடு."

படியின் கடைசித் திருப்பத்தில் விளக்குக் கடைக்காரர் ஒப்பந்தக் காகிதத்தோடு மேலே வந்துகொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்குவதைப் பார்த்துப் பதறினார்.

"நீங்க ஏம்மா தூக்கறீங்க? குடுங்க, குடுங்க."

"அதை வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி இருந்தது. அதன்மேல் பார்வையை வைத்துக்கொண்டே சொல்லி முடித்தாள். நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு நொடி, ஆறு நிமிடம், விரல். கணவர் பேசுவதை நிறுத்தியிருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது வீட்டுக்குள் இருக்க வேண்டியது.

கடைக்காரர் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவங்கதானா அந்த வாசகர்கள்?"

"ஆமா."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இனிமேதான் சொல்லணும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். சார் எழுதினதை நான் ஒரு வரிகூடப் படிக்கலை. நம்பரைப் பார்த்துட்டு ஓடி வந்தேன்." பெட்டியை மடியில் நேராக வைத்துக்கொண்டார். "என் கடைக்கு வந்திருக்கீங்களா? ஆள் இல்லாத நேரத்துலயும் எல்லா விளக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ரோட்டுலேருந்து பார்த்தா வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி தெரியணுமில்ல? உள்ள நான் மட்டும் உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருப்பேன்."

கையிலிருந்த ஒப்பந்தக் காகிதத்தைப் பெட்டிமேல் விரித்தார்.

"அதனால உங்களைத் திட்ட வாய் வரலை. ஆனா இதுல இன்னிக்குக் கையெழுத்துப் போடவும் கை வரலை." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நிஜ நம்பரை எடுத்துக்கிட்டு உங்க நாத்தனாரை அனுப்புங்க. எந்தப் பக்கத்துல நிஜமா ஆள் இருக்கோ, அந்தப் பக்கத்தைப் பத்திப் பேசலாம். கடைசிப் பக்கமா இருக்காது, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"சரிங்க."

எழுந்தவர், பெட்டியிலிருந்து இரண்டு டேப்லெட்டுகளை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும். அட்டைப் பக்கத்தோட வச்சுடறேன். யாராவது தானா தொடறாங்களான்னு பார்ப்போம்."

வண்டி கிளம்பிப் போகும்வரை அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். பிறகு மாடி ஏறினாள். இறங்கும்போது இருந்ததைவிடப் பெட்டியில் இரண்டு குறைவு. இருந்தும் கை கனத்தது.

உள் அறையில் ஆசிரியர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"உக்காரு. கேளு." காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார். "'சாயங்காலம் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். அறை உங்களை விட்டு மெதுவாக விலகிப் போவது தெரியும்.' எப்படி?"

"நல்லா இருக்கு."

"கடைக்காரர் கோவிச்சுக்குவாரோ?" அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க அவரு? இன்னும் போன்தானா?"

"போயிட்டாரு."

"கையெழுத்து?"

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று படியேறும்போது நினைத்திருந்தாள். இருக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது. டேப்லெட்டுகளைச் சொன்னாள். சமையலறையில் குட்டி காட்டிய முதல் அறிக்கையைச் சொன்னாள். கைகழுவிவிட்டு அவர் ஈரக் கையோடு திரும்பி நின்றதையும் சொன்னாள்.

அவர் எதுவும் பேசவில்லை.

இத்தனை வருஷத்தில் அவருடைய மௌனங்களை அவள் தனித்தனியாக அறிவாள். யோசிக்கிற மௌனம், கோபத்தை மென்று விழுங்குகிற மௌனம், பசியில் வருவது, சொல்ல நிறைய இருந்து எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதபோது வருவது. இது அவற்றில் எதுவும் இல்லை. இதற்குள் நுழைய அவளுக்கு வழி தெரியவில்லை. ஆகவே வெளியிலேயே காத்திருந்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"எத்தனை நொடின்னு சொன்னே?"

"நாலு."

அவர் தன் கைபேசியை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். உதடுகள் அசைந்தன, எண்ணுகிறார் என்று தெரிந்தது. எண்ணி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நாலு நொடியில எந்த வரி வரைக்கும் வந்திருப்பாங்க?"

அவள் அதை எப்போதோ எண்ணிப் பார்த்திருந்தாள். பொய் சொல்வதற்கு இனி அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

"வரிக்கு வரலை. தலைப்பும் உங்க படமும்தான்."

"படத்தை எடுத்துட்டா முதல் வரி வரைக்கும் வருவாங்களோ," என்றார். ஜோக்குதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"நான் உனக்குப் படிச்சுக் காட்டினேனே, அப்பல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு சொன்னே."

"நல்லாதான் இருந்துச்சு. அதுல பொய் இல்ல."

"எதுக்காகப் பண்ணினே? நான் என்ன சின்னப் புள்ளையா?" முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "நாலு பேரு முன்னாடி புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்து ஜோக்கு வேற அடிச்சேன்!"

"உங்க பக்கத்துக்காகப் பண்ணலைங்க." அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "நீங்க பேசறதை நிறுத்திட்டீங்க. ரெண்டு பேரு இருக்கிற வீட்டுல நான் மட்டும் எவ்வளவு நாள் பேசிக்கிட்டு இருக்க முடியும்? குக்கர்கிட்டயா பேசுவேன்? எனக்கு ஒரு குரல் வேண்டியிருந்துச்சு. அதுக்காகத்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய புதுச் சட்டையின் காலருக்குள் கடையின் அட்டைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். எழுந்து போய் எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. அதற்கு இப்போது உரிமை உண்டா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு குட்டி வந்தாள். கண் சிவந்திருந்தது. மடிக்கணினி திறந்தபடியே கையில் இருந்தது.

"அண்ணா, என்னைத் திட்டறதை அப்புறம் திட்டிக்கங்க. அந்த மெஷினையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தேன்."

"நாலு நொடி. அதான் சொல்லிட்டாளே."

"அது சராசரி. உடைச்சுப் பார்த்தேன்னு சொல்றேன் இல்ல?" குட்டி மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தாள். "ஆயிரம் பேருல கிட்டத்தட்ட எல்லாருமே வந்த வேகத்துல போயிடறாங்க. அது நிஜம், நான் மூடி மறைக்கலை. ஆனா பதினாலு பேரு போறதில்ல. ஒவ்வொரு வாரமும் அதே பதினாலு பேரு. கடைசி வரி வரைக்கும் வர்றாங்க. அதுல ரெண்டு மூணு பேரு முடிச்சுட்டுத் திரும்ப மேல போறாங்க."

ஆசிரியர் திரையைப் பார்த்தார். அங்கே ஆட்கள் இல்லை. கோடுகள்தான் இருந்தன. பெரும்பாலானவை புள்ளி அளவுக்கே இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒருசில மட்டும் நீளமாகப் போயின.

"யாரு இவங்க?"

"பேரெல்லாம் தெரியாது."

"பேசணும்னா?"

"பேச முடியாது. ஆனா அவங்களுக்கு மட்டும் ஒரு வரி செய்தி அனுப்பலாம். செயலியில அந்த வசதி இருக்கு. போன்ல மணி அடிச்சு, மேல வந்து நிக்கும். பதில் போடணும்னா போடலாம்."

"அதைத் திற."

குட்டி அண்ணியைப் பார்த்தாள். அவள் தலையசைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. குட்டி செய்தி எழுதுகிற கட்டத்தைத் திரையில் திறந்து கொடுத்தாள்.

ஆசிரியர் இரண்டு விரலால்தான் தட்டச்சு செய்வார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறார் என்று அவள் எழுந்து வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இந்தப் பக்கத்தை நிறுத்திவிடலாமா?"

"என்னங்க, வேணாம்..." என்று அவள் கையை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டார்.

"அண்ணா!" குட்டி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "யோசிக்காம..."

"யோசிச்சுத்தான் அனுப்பினேன். ஆயிரம் பேருக்கு நான் வேணாம்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பதினாலு பேரு என்ன சொல்றாங்களோ, அதைக் கேட்டுக்கறேன். போதும்னு சொன்னா போதும்."

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதுவும் வரவில்லை. எங்கெங்கோ, எந்தெந்த வீடுகளிலோ மணி அடித்திருக்கும். யார் வேலையில் இருக்கிறார்களோ, யார் பேருந்தில் இருக்கிறார்களோ. கைபேசியை எடுத்துப் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், பதில் சொல்ல மனசு வர வேண்டும்.

அப்போது அவளுடைய இடுப்பில் செருகியிருந்த கைபேசி மணியடித்தது.

குட்டி நிமிர்ந்தாள். ஆசிரியர் மெதுவாகத் திரும்பினார். அவள் கைபேசியை எடுக்கவில்லை. எடுக்காமலே அது என்ன என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

"டேப்லெட்டையெல்லாம் கழிச்சாச்சே," என்றார் ஆசிரியர்.

"இது என் போனு," என்றாள் அவள். "சமையலறையில வச்சுப் படிப்பேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் என்ன வரப் போகிறதென்று அவளால் கணிக்க முடியவில்லை. கோபம் போயிருக்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து நின்றிருந்தது.

"அப்போ பதிமூணு பேரு," என்றார். "நீ பதில் போடக்கூடாது."